இந்த முகவரியில் அப்படி யாரும் இல்லை

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். இந்த ஒன்றை மறைக்கப் போய்த்தான் மற்றதெல்லாம் நடந்தது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம் வந்தால் அதிகம். பிழையைத் திருத்தித் தர ஆள் இருக்கிறது. எனக்கும் அவசரம் ஒன்றும் இல்லை.

பிறந்தது கொடுமுடி. வாக்கப்பட்டது கிணத்துக்கடவுப் பக்கம், தோப்புக்காரர் வீட்டில். அங்கே என்னை யாரும் என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டதில்லை. தேங்காய் வெட்டுக்கு ஆள் விடுவது, வியாபாரி விலையைக் குறைத்துச் சொன்னால் வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்புவது, பங்காளிகளுக்குள் பேச்சு முற்றினால் நடுவில் ஒரு வார்த்தை சொல்வது, இதெல்லாம் என் பொறுப்பு. அதற்குப் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை. வீட்டுக்காரர் போன பிறகு மகன் என்னைக் கோயமுத்தூருக்குக் கூட்டி வந்தான். சிங்காநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீடு. கீழே நான், மேலே வாடகைக்கு. அவனுக்கு வேலை சென்னையில்.

புது இடத்துக்குக் குடி வந்தால் ஒரு சௌகரியம் இருக்கிறது. நம்மைப் பற்றி நாம் என்ன சொல்கிறோமோ அதுதான் நாம். எதிர் வீட்டில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் இருந்தார். வந்த முதல் வாரமே கேட்டுவிட்டார்.

"ஏனுங்க, நீங்க எது வரைக்கும் படிச்சீங்க?"

என் வாய் தானாகச் சொன்னது. "அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி.ங்க."

"அட! அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி.ன்னா இன்னைக்கு டிகிரிக்கு மேலயாச்சுங்களே!"

அன்றிலிருந்து தினமும் பேப்பர் போடச் சொன்னேன். வாசலில் நாற்காலி போட்டு விரித்துப் பிடித்துக்கொள்வேன். ஒரு தலைப்பை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் காபி ஆறிப்போகும். டீச்சர் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டால் ஒரு பக்கத்தைப் புரட்டுவேன். எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. அப்போது இல்லை.

மேல் வீட்டுக்கு ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். கொள்ளேகால் பக்கத்துக்காரர்கள். அவன் பம்பு செட்டு கம்பெனியில் லேத் ஓட்டினான். அவள் நர்ஸ். ஒரு தனியார் ஆஸ்பத்திரி அவளை வீடு வீடாக அனுப்பும். படுக்கையில் கிடக்கிற பெரியவர்களுக்கு ஊசி போட்டு, புண்ணுக்குக் கட்டு மாற்றி, டியூப் சரி பார்த்து வர வேண்டும். தமிழ் நன்றாகப் பேசினாள், கொஞ்சம் கன்னட இழுப்போடு. சாமான் இறக்கிய டெம்போவுக்குப் பின்னாலேயே அவள் ஸ்கூட்டரும் வந்து நின்றது. கே.ஏ. நம்பர், கர்நாடகா வண்டி.

நான் கொடுமுடிக்காரி. காவிரிக் கரையில் வளர்ந்தவள். சும்மா இருக்க முடியுமா?

"எங்களுக்குத் தண்ணியத்தான் உங்கூர்ல உடமாட்டேங்கறாங்க. வண்டிய மட்டும் உட்டுப்போட்டாங்களா கண்ணு?"

அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே சிரித்தாள். "நான் ஒண்ணும் புடிச்சு வெக்கலீங்கம்மா. வேணும்னா சீட்டுக்கு அடியில தொறந்து பாத்துக்குங்க."

அந்தப் பதிலில் அவளை எனக்குப் பிடித்துப்போனது.

எங்கள் பக்கம் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் குறைவு. சின்னவர்கள் கண்ணு, அம்மணி. பெரியவர்களுக்கு ஏனுங்க. அதுதான் மரியாதை. அவளையும் கண்ணு என்றே கூப்பிட்டேன். மற்றவர்களிடம் பேசும்போது மேல் வீட்டு அம்மணி. வாடகை ஒப்பந்தத்தில் அவள் பேர் இருந்திருக்கும். மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அதைத் தயார் செய்தான். நான் கண்ணாடி மாட்டிக்கொண்டு, அவள் எதிரிலேயே பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். பார்த்தேன் என்றுதான் எழுத முடியும். அது இங்கிலீஷில் இருந்தது. அதனால் ஒரே கூரையின் கீழ் ஒன்றரை வருஷம் இருந்தும் அவள் பேர் எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்டால், ஒப்பந்தத்தில் படிக்கவில்லையா என்று நினைப்பாளே.

வெளி மாநில வண்டியை ஒரு வருஷத்துக்கு மேல் இங்கே அப்படியே ஓட்டக் கூடாதாம். லைசென்ஸிலும் விலாசத்தை மாற்ற வேண்டுமாம். வேலைக்கு நடுவில் அவளால் உடனே முடியவில்லை. வருஷம் கடந்துவிட்டது. அவினாசி ரோட்டில் இரண்டு தடவை போலீஸ் நிறுத்திக் கேட்ட பிறகுதான் வேகமாக இறங்கினாள். சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து அன்றன்றைய நிலவரத்தைச் சொல்வாள். முதலில் அவள் ஊர் ஆர்.டி.ஓ. ஆபீசில், இந்த வண்டியை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக ஆட்சேபம் இல்லை என்று கடுதாசி வாங்க வேண்டும். அதற்கே இரண்டு முறை கொள்ளேகால் போய் வந்தாள். பிறகு இங்கே வரி கட்டி, விண்ணப்பம் போட்டு, எங்கள் ஒப்பந்தத்தைக் காட்டி, வண்டியையும் கொண்டுபோய் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்த வேண்டும். என்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் எல்லாம் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் டி.என். நம்பர்.

"பொண்ணு கட்டிக் குடுக்கறதாட்டவே இருக்குது கண்ணு. பொறந்த ஊட்ல எழுதி வாங்கி, புகுந்த ஊட்ல பேரை மாத்தி."

"வண்டிக்காவது ஒரு தடவையோட முடிஞ்சுருமுங்கம்மா. எனக்கு ஆதார், பேங்க், கேஸ்னு இன்னும் முடியல" என்றாள்.

அவளுக்கு அது விளையாட்டு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் அவள் தற்காலிகம். நான்கு பேரை நிரந்தரம் ஆக்கப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். வண்டியில் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் உள்ளூர் விலாசத்தோடு லைசென்ஸும் ஆர்.சி.யும் மாசக் கடைசிக்குள் காட்ட வேண்டும். செல்போனில் இருப்பதை ஒத்துக்கொள்ள மாட்டார்களாம், அட்டையாக வேண்டுமாம். லைசென்ஸ் அட்டை முதலிலேயே வந்துவிட்டது. ஒரு லீவு நாளில் அவளே வாங்கிக்கொண்டாள். ஆர்.சி. மட்டும்தான் பாக்கி.

"ஆபீஸ்ல கையில குடுக்கறதில்லீங்கம்மா. ஸ்பீட் போஸ்ட்லதான் அனுப்பறாங்க. நான் டூட்டில இருந்தா நீங்க வாங்கி வெச்சுருங்க."

"அதுக்கென்ன கண்ணு. வாங்கி வெச்சுபோடறேன்."

அது வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. பதினொரு மணி இருக்கும். டீச்சர் கறிவேப்பிலைக்கு வந்திருந்தார். நான் ஒடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எப்போதும் வருகிற போஸ்ட்மேன் இல்லை, புது ஆள். கேட்டில் நின்று ஒரு பேரைச் சொன்னார். நீளமான பேர். அப்பா பேரோ ஊர்ப் பேரோ முன்னால் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இவங்க இருக்காங்களாம்மா? போன் போட்டேன், எடுக்கல."

கட்டு மாற்றும்போது அவள் போனை எடுக்க மாட்டாள். அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பேர் எனக்குத் தெரியாது.

"அது யாருங்க?" என்றேன்.

"கதவு நம்பர் உங்களுதுதானுங்க. நீங்களே பாருங்க" என்று உறையை என் கையில் கொடுத்துவிட்டார்.

உறை முழுக்க இங்கிலீஷ். மூலையில் ஒரு முத்திரை. டீச்சர் கறிவேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் நீட்டி, "கொஞ்சம் பாருங்க டீச்சர், கண்ணாடி உள்ள இருக்குது" என்றிருந்தால் முடிந்துபோயிருக்கும். ஆனால் கண்ணாடி என் மூக்கின் மேலேயே இருந்தது.

இது அவளுடையதாக இருக்குமோ என்று எனக்குத் தோன்றவில்லை என்று எழுதினால் அது பொய். தோன்றியது. நன்றாகவே தோன்றியது. "மேல் வீட்ல ஒரு புள்ளை இருக்குது, அதும் பேரு என்னன்னு எனக்குத் தெரியாது" என்று சொல்ல ஒரு நொடி போதும். ஒன்றரை வருஷம் குடியிருக்கிற பெண்ணின் பேர் தெரியாது, கையில் இருக்கிறதைப் படிக்கவும் தெரியாது என்று டீச்சர் முன்னால் ஆகிவிடும். உறையைத் திருப்பிக் கொடுத்தேன்.

"இல்லீங்க. அப்படி யாரும் இங்க இல்ல."

"மாடியிலீங்களா?"

"ஏனுங்க, என் ஊட்ல யாரு இருக்கறாங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

அந்தக் குரலில்தான் தோப்பில் வியாபாரிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவரும் உறையைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். "இப்பெல்லாம் விலாசமே ஒழுங்கா எழுதறதில்லீங்க" என்றார் டீச்சர். நானும் ஆமாம் என்றேன்.

சாயங்காலம் அவள் வந்ததும் கேட்டாள். "ஏதாச்சும் வந்துதுங்களாம்மா?"

"ஒண்ணும் வரலையே கண்ணு."

போஸ்ட்மேனிடம் சொன்னதையாவது அவசரத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். இது அப்படி இல்லை. ஒரு பகல் முழுக்க யோசித்துவிட்டுச் சொன்னது.

அடுத்த நாளும் கேட்டாள். அதற்கடுத்த நாள் போனைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே படியிறங்கி வந்தாள்.

"ரிட்டர்ன்னு காட்டுதுங்கம்மா. இந்த முகவரியில் அப்படி யாரும் இல்லைன்னு போட்டிருக்குது. அந்த ஆளு வீட்டுக்கே வந்திருக்க மாட்டாரு. ரோட்டுல நின்னுட்டே எழுதி அனுப்பியிருப்பாரு. நான் சும்மா விடறதில்ல."

அவள் வண்டியை எடுத்துக்கொண்டு போஸ்ட் ஆபீசுக்குப் போனாள். போகாதே கண்ணு என்று கூப்பிட வாய் வந்தது. கூப்பிடவில்லை. ஒரு முக்கால் மணி நேரம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். பேப்பர் மடியில் இருந்தது.

அவள் வந்து வண்டியை நிறுத்தினாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"அந்தப் போஸ்ட்மேனை எல்லாரு முன்னாலயும் சத்தம் போட்டுட்டேன்" என்றாள். "அவரு பொறுமையா எல்லாத்தையும் கேட்டுட்டு, வீட்டுக்காரம்மாதான் சொன்னாங்க, உறையக் கையில வாங்கிப் பாத்துட்டே சொன்னாங்கங்கறாரு. நெசமாங்கம்மா?"

நான் மடியில் இருந்த பேப்பரை மடித்தேன்.

"நாங்க காலி பண்ணணும்னு நெனைக்கறீங்களா? நேராச் சொல்லியிருக்கலாமேங்க. வெளியூர்க்காரங்க பேருல இந்த விலாசம் ஏற வேண்டாம்னு உங்க மகன் சொன்னாருங்களா? அப்புறம் எதுக்கு ஒப்பந்தம் போட்டுக் குடுத்தீங்க?"

அங்கேதான் நான் பெரிய தப்புச் செய்தேன். அவள் நினைத்துக்கொண்டது வேறு. அதை மறுத்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். படிக்கத் தெரியாதவள் என்று அவள் நினைப்பதைவிட, நெஞ்சில் ஈரம் இல்லாதவள் என்று நினைத்தால் பரவாயில்லை என்று எனக்குப் பட்டது. எழுந்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டேன்.

"உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படி வெச்சுக்குங்க" என்றேன்.

அதுவரை அவளை நான் ஒரு தடவைகூட நீங்க என்று சொன்னதில்லை. எங்கள் ஊரில் மரியாதையை ஏற்றியும் ஒருவரைத் தள்ளி நிறுத்தலாம். அவளுக்கும் அது புரிந்துவிட்டது. மேலே போய்விட்டாள்.

இரண்டு நாள் மாடியில் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் காலையில் வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். எப்போதும் அடுப்படி வரைக்கும் வருகிறவள்.

"ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அந்த உறை திரும்பிப் போயிருக்குதுங்க. விலாசமே பொய்யோன்னு சந்தேகப்படறாங்க. வீட்டுக்காரங்க நேர்ல வந்து சொல்லணுங்கறாங்க. நீங்க ஒரே ஒரு தடவை வந்து, நான் இங்கதான் இருக்கறேன்னு சொல்லிருங்க. அதுக்கப்புறம் நாங்க காலி பண்ணிக்கறோம்."

கெஞ்சவில்லை. பேரம் பேசினாள். நான் புடவை மாற்றிக்கொண்டு வந்தேன்.

அவள் ஸ்கூட்டரிலேயே போனோம். எனக்கும் ஒரு ஹெல்மெட் கொண்டுவந்திருந்தாள். பட்டை மாட்ட எனக்கு வரவில்லை, அவளே மோவாய்க்குக் கீழே மாட்டிவிட்டாள். நோயாளியைத் தொடுகிற மாதிரி, முகத்தைப் பார்க்காமல். "பின்னால கம்பியப் புடிச்சுக்குங்க" என்றாள். வழி முழுக்க அவ்வளவுதான் பேச்சு. பள்ளம் வரும்போதெல்லாம் மெதுவாகத்தான் ஏற்றி இறக்கினாள்.

ஆபீசில் நல்ல கூட்டம். ஜன்னலுக்குள் இருந்த கிளார்க்குக்கு நடுத்தர வயசு. அவள் காகிதங்களை நீட்டினாள். அவர் என்னைப் பார்த்தார்.

"நீங்கதான் வீட்டு ஓனருங்களா? இவங்க உங்க வீட்லதான் இருக்காங்களா?"

"ஆமாங்க."

"அப்புறம் எதுக்கும்மா இல்லைன்னு திருப்பி அனுப்புனீங்க?"

 அவர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் வெளியே தள்ளினார்.

"சரி, இவங்க இந்தத் தேதியிலிருந்து என் வீட்ல குடியிருக்காங்க, தவறுதலா தபாலைத் திருப்பி அனுப்பிட்டேன்னு உங்க கையால ஒரு லெட்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க."

"கண்ணாடி கொண்டாரலீங்க" என்றேன். அன்றைக்கு நிஜமாகவே கொண்டுபோகவில்லை. வேண்டுமென்றேதான் வைத்துவிட்டுப் போனேன்.

"இந்தாங்க, என்னுதப் போட்டுப் பாருங்க" என்று கிளார்க் தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். பின்னால் நின்ற ஒருவர், "அது பத்தலீன்னா என்னுது படிக்கற கண்ணாடிதானுங்க" என்று இன்னொன்றையும் நீட்டினார். இரண்டு கண்ணாடி என் முன்னால் நின்றன. கோயமுத்தூர்க்காரர்களின் உபகாரம் அன்றைக்கு எனக்கு எமனாக வந்தது.

பேனாவைப் பிடித்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வரிசையில், "ஏம்மா, இன்னும் எத்தனை நேரம்?" என்று யாரோ கேட்டார்கள்.  பேனாவைத் தாளின் மேலேயே வைத்தேன்.

"எனக்கு எழுத வராதுங்க" என்றேன். "மூணாவதுதான் படிச்சேன். அந்த உறையில இங்கிலீஷ்ல இருந்துச்சு. படிக்கத் தெரியல. இந்தப் புள்ளை பேரும் தெரியாது. அதுதான் இல்லைன்னு சொல்லிப்போட்டேன்."

கிளார்க் தன் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, "இதச் சொல்றதுக்கென்னங்கம்மா" என்று தாளை இழுத்து அவரே நாலு வரி எழுதி, எனக்குப் படித்துக் காட்டினார். அதில் அவள் பேரும் வந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். என் பேரை மட்டும் நன்றாகப் போடுவேன்.

அவள் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

உறையைக் கையில் தர மாட்டோம், மறுபடியும் தபாலில்தான் வரும் என்றார் கிளார்க். எத்தனை நாள் ஆகும் என்று அவள் கேட்டாள். ஒரு வாரம், பத்து நாள் என்றார். மாசம் முடிய நான்கு நாள்தான் இருந்தது.

வண்டி நிறுத்துகிற இடத்தில், வேப்ப மரத்துக்குக் கீழே, அவள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்காகவாங்கம்மா?"

நான் தலையை ஆட்டினேன்.

"படிக்கத் தெரியலைன்னா நான் சிரிச்சிருப்பேன்னு நெனச்சீங்களா?"

சிரித்திருக்க மாட்டாள். அவள் ஒரு நாளைக்கு எட்டுப் பெரியவர்களுக்கு மூத்திர டியூப் மாற்றுகிறவள். யாருடைய இயலாமையைப் பார்த்தும் முகம் சுளிக்காதவள். அது எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமையும் தெரியும். டீச்சர் சிரிப்பாரே என்றுதான் இவளுடைய வேலையைத் தூக்கிக் கொடுத்தேன். அதை வாய் திறந்து சொல்ல வரவில்லை. "நீ ஆஸ்பத்திரியில சொல்லிப் பாரு கண்ணு, நானும் வாரேன்" என்றேன்.

"அங்கயும் லெட்டர் கேப்பாங்கம்மா" என்றாள். குத்தலா, சலிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. சிரிப்பு மட்டும் இல்லை.

ஆஸ்பத்திரியில் நான்கு பேரை எடுத்துக்கொண்டார்கள். அதில் அவள் இல்லை. அடுத்த முறை எப்போது என்று சொல்ல மாட்டார்களாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை, புருஷன் சொன்னான். வீட்டைக் காலி செய்ய வேண்டாம் என்று நான் மாடிக்கே ஏறிப் போய்க் கேட்டேன். யோசித்துச் சொல்கிறோம் என்றாள். இன்னும் இருக்கிறார்கள். அவள் மறந்துவிட்டாள் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே வீடு கிடைப்பது லேசில்லை. டீச்சரிடமும் நான் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

உறையை மறுபடியும் தபாலில் போட்டுவிட்டதாக அவள் போனில் செய்தி வந்த அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. தற்காலிகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு நாள் லீவு என்பது சின்ன விஷயம் இல்லை. அன்றைக்கு உறை வரவில்லை. அடுத்த நாளும் லீவு போட்டாள். காலையில் இருந்தே மாடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து கேட்டுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நான் இருக்கறேன் கண்ணு. உம்பட பேரு இப்ப எனக்குத் தெரியும். நீ வேலைக்குப் போ" என்றேன்.

"பரவாயில்லீங்கம்மா. நானே வாங்கிக்கறேன்."

மரியாதையாகத்தான் சொன்னாள். நான் உள்ளே வந்து ஜன்னல் ஓரம் நின்றுகொண்டேன். வெயில் ஏற ஏற அவள் நாற்காலியை நிழலுக்கு நகர்த்திக்கொண்டே இருந்தாள். கேட்டை விட்டு மட்டும் நகரவில்லை.